ஜினமாதாவின் கனவும் முனிவரின் கற்படுக்கையும்

பஞ்சகல்யாணப் பெருவிழாவில், கருப்பக் கல்யாணத்தன்று, ஜினமாதா கண்ட பதினாறு கனவுகளைக் காட்சியாக வைத்துப் பயன் கூறுவது மரபு. வெள்ளானை, வெண்காளை, சிங்கம், திருமகள், இரட்டைப் பூமாலை, முழுமதி, இளஞாயிறு, இணைக்கயல், இணைக்கும்பம், தாமரைப் பொய்கை, பெருங்கடல், அரியணை, தேவவிமானம், நாகர் மாளிகை, மணிக்குவியல், புகையில்லாத் தீ என்னும் வரிசையைத் தமிழ்ச் சமண இல்லங்களில் மூதாட்டியர் தடையின்றிச் சொல்வர். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தொழில் நிமித்தம் பெயர்ந்து அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயில் எனப் புறநகரில் குடியேறிய குடும்பங்களிலும் இவ்வரிசை மறக்கப்படவில்லை. திருமுல்லைவாயிலுக்கு வடகிழக்கே புழலில் கோயில் கொண்டுள்ள ஆதிநாதர், இக்கனவுகளைக் கண்ட மருதேவியின் திருமகனாரே ஆவார். அப்புழலை ஆண்ட குறும்பர் சமண நெறியைத் தழுவியிருந்தனர் என்னும் செய்தி காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளிற் காணப்படுகிறது.

வரிசை நிலைத்தது, ஆனால் வரிசைக்கு முன்னும் பின்னும் புராணங்கள் கூறுவன உதிர்ந்துபோயின. கனவு கண்டவள் எத்தகைய படுக்கையிற் கிடந்தாள், இரவின் எந்த யாமம், எவ்வொலி கேட்டு விழித்தாள், விழித்ததும் என் செய்தாள் என்பவற்றை நூலாசிரியர்கள் கருத்தோடு எழுதிவைத்தனர். விழா மேடையில் நேரம் கருதி இவற்றை விடுத்துக் கனவையும் பயனையும் மட்டும் படிப்பதால், கனவு என்பது எங்கிருந்தோ வந்து விழும் நிமித்தம் என்னும் எண்ணமே இளையோர்க்கு உண்டாகிறது. பழஞ்சமண நூல்களின் கருத்து அதுவன்று. உறங்கும் உடலும் இடமும் பொழுதும் கனவோடு தொடர்புடையன என்பதை அந்நூல்கள் நன்கறிந்திருந்தன.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணத்தில் மருதேவி இரவின் கடையாமத்தில் கனவு காண்கிறாள். தமிழில் மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணம் அவ்வழி வந்ததே. கனவு முடியும் தறுவாயில் பள்ளியெழுச்சி முழக்கமும் மங்கலம் பாடுவோர் குரலும் எழுகின்றன. தொல்காப்பியர் துயிலெடை நிலை என்று ஒரு துறையே வகுத்தார். அரசன் துயில் நீங்கச் சூதர் ஏத்துவது அது. இசையின் மென்மையாற் படிப்படியாக விழித்த மருதேவி, நீராடி அணிந்து நாபிராசனிடம் சென்று கண்டவற்றை முறைவழுவாது உரைக்கிறாள். பதினாறு காட்சிகளும் வரிசை குலையாமல் அவள் நினைவில் நின்றதற்கு இவ்விழிப்பு முறையும் காரணம் என்று கருத இடமுண்டு.

சுவேதாம்பர மரபினர் போற்றும் கற்பசூத்திரம் இதனினும் விரிவாகப் பேசுகிறது. பத்திரபாகு முனிவர் பெயரால் வழங்கும் அந்நூலில், மகாவீரரின் அன்னை திரிசலை காண்பவை பதினான்கு கனவுகள். (திகம்பர மரபு அவ்வன்னையைப் பிரியகாரிணி என்றும் வழங்கும், கனவுகள் பதினாறு என்றே கொள்ளும்.) படுக்கையறையின் அகில் புகையும் பூமணமும் விளக்கொளியும் முதலிற் கூறப்படுகின்றன. பின்னர்ப் படுக்கை: ஆளின் நீளத்திற்கு அமைந்த மெத்தை, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அணை, இருபுறமும் உயர்ந்து நடுவே தாழ்ந்த அமைப்பு, கங்கைக் கரை மணலில் அடிவைத்தாற்போன்ற நெகிழ்வு, மேலே செந்நிறத் திரை. தச்சனும் மெத்தை தைப்பவனும் குறிப்பெடுத்துக்கொள்ளத்தக்க அளவுக்கு இவ்வருணனை நுட்பமானது. பொழுதோ ஆதிபுராணம் கூறும் கடையாமமன்று. முன்னிரவும் பின்னிரவும் கூடும் நள்ளிரவு.

அவ்விடத்து மற்றொரு சொல் மிக நுண்ணியது. திரிசலை அப்பொழுது ஆழ்ந்து உறங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. உறக்கமும் விழிப்பும் கலந்த நிலையிற் கிடந்தாள் என்கிறது நூல். இது வருணனைக்காகச் சொன்னதன்று. பகவதி சூத்திரத்தில் கௌதமர், உறங்குபவன் கனவு காண்கிறானா, விழித்திருப்பவன் காண்கிறானா என வினவ, இரண்டும் அல்ல, உறங்கியும் விழித்தும் இருப்பவனே காண்கிறான் என மகாவீரர் விடையிறுக்கிறார். அங்கேயே கனவு ஐவகைப்படுத்தப்படுகிறது: உள்ளவாறே காண்பது, விரிந்து பரந்து காண்பது, பகலில் எண்ணியதைக் காண்பது, மாறுபடக் காண்பது, தெளிவின்றிக் காண்பது. இவற்றுள் மூன்றாவது, கனவின் விதை பகற்பொழுதிலேயே ஊன்றப்படுவதை ஒப்புக்கொள்கிறது.

உறக்கத்தினுள்ளே விழிப்புப் போன்றதொரு நிலை உண்டு என்பதை ஆய்வுக்கூடம் 1953இல் கண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் சில நேரங்களில் விரைந்து அசைவதைப் பதிவு செய்தனர். அந்நேரத்தில் எழுப்பப்பட்டோரிற் பெரும்பாலோர் தெளிவான கனவைச் சொன்னார்கள். உடல் தளர்ந்து கிடக்க, மூளையின் மின்னலைகள் மட்டும் விழித்திருப்போருடையவற்றை ஒத்திருந்தன. ஏறத்தாழ 90 நிமிடத்திற்கு ஒருமுறை இந்நிலை மீண்டும் வருகிறது. இரவின் தொடக்கத்திற் சில நிமிடங்களே நீடிக்கும் அது, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. சமண நூலோர் இதனை முன்பே கண்டுபிடித்துவிட்டனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அவர்களிடம் கருவி இல்லை; அவர்கள் நோக்கமும் வேறு. கூர்ந்து நோக்கிய கண் மட்டும் இருந்தது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்னும் நம்பிக்கையையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். பொன்னவன் என்பார் பெயரால் வழங்கும் கனாநூல், முதல் யாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் யாமத்தது எட்டுத் திங்களிலும், மூன்றாம் யாமத்தது மூன்று திங்களிலும், கடையாமத்தது பத்து நாளிலும் பயன் தரும் எனக் கணக்கிடுகிறது. இக்கணக்கில் ஒளிந்திருப்பது நினைவின் அளவேயன்றி ஊழின் அளவு அன்று என்று தோன்றுகிறது. முன்னிரவின் கனவு சுருக்கமானது. அதன்பின் ஆழ்ந்த உறக்கம் பலமுறை வந்து அதனை மூடிவிடும். கடையாமத்துக் கனவோ நீண்டது. முடிந்தவுடன் விழிப்பு வருகிறது. தெளிவாக நினைவில் நிற்பதை மக்கள் அண்மையிற் பலிப்பது என்றனர். மங்கியதைத் தொலைவிற்குத் தள்ளினர். கனாநூலார் இவ்வாறு கருதினார் என்பதற்குச் சான்றில்லை. யாமத்தின் வரிசையும் நினைவின் வரிசையும் ஒன்றாயிருப்பது மட்டும் கண்கூடு.

காப்பியப் புலவர் இக்கணக்கிற்குக் கட்டுப்பட்டவரல்லர். சிலப்பதிகாரத்தில் கோவலன் நள்ளிருள் யாமத்துக் கண்ட தீக்கனவை மதுரைப் புறஞ்சேரியில் மாடலனிடம் கூறி, அது விரைந்து வந்துறும் என்கிறான். கனாநூலின்படி அதற்கு எட்டுத் திங்கள் தவணை உண்டு. கதையிலோ மாடலனிடம் கூறியபின் அவன் உயிர்வாழ்ந்தது நாட்கணக்கிலேதான். இளங்கோவடிகள் கவனித்தது வேறொன்று. கண்ணகி வெயில் பொறாள் என்று, கவுந்தியடிகளின் இசைவோடு இரவில் நிலவொளியில் வழிநடந்தவர்கள் அவர்கள். நடந்து நைந்த கால், இடம் மாறிய துயில், பிழை செய்தோம் என்னும் உள்ளத்தின் சுமை ஆகிய இவ்வளவையும் முன்னே வைத்துவிட்டே ஆசிரியர் கனவைச் சொல்ல விடுகிறார். எருமை ஊர்வதும் ஆடை இழப்பதும் நிமித்தம் என்று படிப்போர் படிக்கலாம். துயர்ப்பட்ட உடலின் துயில் என்று படிப்போர்க்கும் நூல் இடம் தருகிறது.

இவ்விரண்டாம் படிப்புக்கு ஆதிபுராணத்திலேயே சான்றுண்டு. பரதன் கண்ட கனவுகளைக் கூறுமிடத்தில் கனவு இருவகையென வகுக்கப்படுகிறது: உடலின் தாதுக்கள் சமநிலையில் இருக்கும்போது நலமுடையோன் காண்பது ஒன்று; அவை திரிந்தபோது காண்பது மற்றொன்று. முன்னதே மெய், பின்னது பொய். வேறொரு வகையாற் குற்றத்திற் பிறந்த கனவு, தெய்வத்தாற் பிறந்த கனவு என்றும் பிரிப்பர். அஃதாவது, ஒரு கனவைக் கேட்டதும் அதன் பொருள் யாது எனக் கேட்குமுன், கண்டவன் உடல் எந்நிலையில் இருந்தது எனக் கேட்கவேண்டும் என்பதே ஜினசேனர் வழங்கும் முறை. தீக்கனவு கண்டு நடுங்கிப் பரிகாரம் தேடி அலையும் இல்லங்களில் இவ்வொரு செய்தி எடுத்துரைக்கப்பட்டிருந்தால் எத்தனை அச்சம் நீங்கியிருக்கும்!

புறத்தே நிகழ்வது கனவினுட் புகுவதை மேலைநாட்டார் சோதித்தும் பார்த்தனர். 1861இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரெட் மோரி, தாம் உறங்கும்போது பிறரைக் கொண்டு தம் மூக்கருகே நறுமணத்தைப் பிடிக்கச் செய்தும் வேறு பல செய்வித்தும் எழுந்து குறித்தவர். கட்டிலின் சட்டம் கழுத்தில் விழுந்த கணத்திலேயே, தாம் தலை வெட்டப்படுவதாக நீண்ட கனவொன்று கண்டதாகவும் அவர் எழுதினார். 1958இல் வில்லியம் டிமெண்ட், எட்வர்ட் வோல்பர்ட் ஆகியோர் உறங்குவோர் மேனியில் நீர் தெளித்துச் சிறிது பொறுத்து எழுப்பினர். மழையும் ஒழுகும் கூரையும் பலர் கனவில் வந்திருந்தன. 2008இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் நடந்த ஆய்வில், ரோசாமணம் கமழ்ந்தபோது கனவின் உணர்ச்சி இனிதாகவும், அழுகிய முட்டை நாற்றத்தில் கசப்பாகவும் மாறியது. ஆனால் மணமே கனவிற் பொருளாக வருவது அரிதாயிருந்தது. கற்பசூத்திரம் திரிசலையின் அறையில் அகில் புகைத்தது வீணன்று.

கனவை நினைவில் இருத்தும் வழியையும் பழையோர் அறிந்திருந்தனர். திரிசலை கனவுகளைச் சித்தார்த்தனிடம் கூறித் தன் படுக்கைக்கு மீண்டபின், மீண்டும் உறங்கினால் தீக்கனவு வந்து இந்நற்கனவுகளைக் கெடுத்துவிடும் என்று எண்ணி, அறக்கதைகள் பேசி விடியுமளவும் விழித்திருந்தாள். சீவக சிந்தாமணியில் விசயை, அசோகமரம் வேரற்று வீழ்வதையும், அதன் அடியிலிருந்து முளையொன்று முடியோடும் எட்டு மாலைகளோடும் வளர்வதையும் காண்கிறாள். அஞ்சி எழுந்தவள் கண் கழுவி, அருகன் திருவடியை வணங்கி, அதன் பின்னரே சச்சந்தனிடம் சொல்கிறாள். இடையில் வேறு பேச்சில்லை. சச்சந்தனும் கனவுநூல் விதிப்படி முடியும் மாலையும் முளையும் எவையெனச் சொல்லி, வீழ்ந்த மரத்தைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறான், அது அவனே. கண்ணகி தேவந்தியிடம் சொன்னாள். கோப்பெருந்தேவி தோழியிடமும் அரசனிடமும் சொன்னாள். கொங்குவேளிரின் பெருங்கதையில் கனாவிறுத்தது என்றே ஒரு பகுதி உண்டு. தமிழ்க் காப்பியத்தில் உடனே ஒருவரிடம் சொல்லப்படாத கனவைக் காண்பது எளிதன்று.

சொல்லாமல் வேறொன்றில் மனத்தைச் செலுத்தினால் கனவு கரையும் என்பதற்கு 1970களில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. எழுந்தவுடன் தொலைபேசியில் வானிலை அறிவிப்பைக் கேட்டுக் குறித்துவிட்டுப் பின்னர்க் கனவை எழுதியோர், அசையாது கிடந்து எண்ணியோரைக் காட்டிலும் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். கைப்பேசி தலைமாட்டிற் கிடக்கும் இக்காலத்திற்கு முன்பே நடந்த ஆய்வு இது. ஆசாரக்கோவையோ வைகறையில் துயிலெழுந்து அன்று செய்யவேண்டிய அறத்தையும் பொருளையும் சிந்திக்கச் சொல்கிறது. இல்லறத்தானுக்கு அது நல்ல விதியே. கனவுக்கு அது நல்ல பகை. அந்நூலே கிடக்கும்போது தெய்வம் தொழுது, வடக்கும் கோணத் திசையும் தலைவையாது, போர்வை போர்த்துக் கிடக்குமாறு கூறுகிறது.

திருமுல்லைவாயிலுக்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ள திருநின்றவூரின் பழங்கதையொன்றும் இவ்வரிசையிற் சேரும். பூசலார் பொருளின்றி மனத்தாலேயே கோயில் எடுக்கிறார்; இரவிலும் கண்படாது எடுக்கிறார். காஞ்சியில் பல்லவ மன்னன் துயில்கிறான். நாளை வேறோர் அன்பன் எடுத்த கோயிலுக்குச் செல்கிறோம் என்று இறைவன் அவன் கனவிற் கூறுகிறான். துயிலாதவர் கட்டிய கோயிலைத் துயின்றவன் கண்ட கதை இது. சேக்கிழார் சைவர், ஆயினும் இக்கதை நடந்த ஊரும் அவர் பிறந்த குன்றத்தூரும் இப்புறநகர்ப் பகுதியினவே.

இப்பகுதியின் இரவு இன்று வேறுவகையானது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தபின் இரவு ஷிப்ட் என்பது வாழ்க்கையாயிற்று. பகலில் திரையிட்டு உறங்குவோர், அரக்கோணம் தடத்தின் முதல் மின்தொடர் வண்டிக்கு எழுவோர், தெருவிளக்கு சன்னல்வழி முகத்தில் விழக் கிடப்போர் எனப் பலர். கடையாமத்து உறக்கத்தை இழப்பவர் நீண்ட கனவுகளையும் இழக்கிறார். இதற்கு நடுவே தமிழ்ச் சமண இல்லங்களில் இன்னும் நிற்கும் ஒரு வழக்கம் இரவுண்ணாமை. கொல்லாமை கருதி வந்த நோன்பு அது. உறக்கம் கருதி வந்ததன்று. எனினும் பொழுது சாயுமுன் உண்டு, பஞ்சமந்திரம் ஓதிப் படுப்போரின் வயிறு, நள்ளிரவில் உண்டு உடனே சாய்வோர் வயிற்றைப்போல் உறக்கத்தைக் கலைப்பதில்லை. பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் இந்நோன்பு தளர்வதைப் பெரியோர் வருத்தத்தோடு காண்கின்றனர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு.

இவ்வளவும் இல்லறத்தார் துயில். துறவியர் துயிலைச் சமணம் வேறாக நோக்கியது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி, காட்சியை மறைக்கும் தருசனாவரணீய வினையின் ஒன்பது வகைகளுள் ஐந்தை உறக்கத்திற்கே ஒதுக்கினார்: நித்திரை, நித்திராநித்திரை, பிரசலை, பிரசலாபிரசலை, ஸ்தியானகிருத்தி. களைப்பு நீங்கும் எளிய உறக்கம் முதலாவது. மேன்மேலும் அழுத்தும் உறக்கம் அடுத்தது. உட்கார்ந்தவாறே தூங்கி விழுவது பிரசலை. அது மீண்டும் மீண்டும் வருவது நான்காவது. ஐந்தாவது வியப்புக்குரியது: உறக்கத்திலேயே எழுந்து விழிப்பில் இயலாத வலிய செயல்களையும் செய்வது. தூக்கத்தில் நடத்தல் என்று இன்றைய மருத்துவர் கூறுவதை இது ஒருவாறு தழுவுகிறது. உறக்கம் காட்சியை மறைக்கும் வினையானால், அதனிடைத் தோன்றும் கனவைத் துறவி எங்ஙனம் போற்றுவான்?

ஆகவே திகம்பர முனிவரின் இருபத்தெட்டு மூலகுணங்களுள் நிலத்திற் படுத்தலும் ஒன்றாயிற்று. மெத்தை இல்லை; சிறிது நேரமே துயில். தமிழகத்துக் குன்றுகளில் இன்றும் காணும் கற்படுக்கைகள் அவ்வொழுக்கத்தின் எச்சங்கள். பள்ளி என்னும் சொல் படுக்கையையும் சமணர் உறைவிடத்தையும் குறித்து, அவர் கற்பித்தமையாற் கல்விக்கூடத்தையும் குறித்த வரலாறு தமிழ் பயின்றோர் அறிந்ததே. மதுரைக்கருகே மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கணிநந்தாசிரியர்க்குச் செய்வித்த பள்ளியைக் கூறுகிறது. கரூருக்கு அண்மையில் உள்ள புகழூரில், இளங்கடுங்கோ இளவரசனானபோது யாற்றூர்ச் செங்காயபனுக்கு உறையுள் அறுத்துக் கொடுக்கப்பட்டது. மழைநீர் உள்ளே வழியாதிருக்கக் குகையின் நெற்றியில் காடி வெட்டினர். ஈரமும் ஒழுக்கும் துயிலைக் கெடுக்கும் என்பதை அறியாது செய்ததன்று அது.

இக்குன்றுகளின் நிலை எப்போதும் அச்சத்திற்குரியது. மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் உள்ளன. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதிக்கும் 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊரார் திரண்டு எதிர்த்தபின் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. கல்லுடைக்கும் பொறிகள் முன்பே விழுங்கிய குன்றுகளுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை.

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் எனப்படும் குகையில் பதினேழு படுக்கைகள் உள்ளன. பாறையை வழவழப்பாகத் தேய்த்து, தலைப்பக்கம் மட்டும் சற்று உயர விட்டு, கல்லிலேயே தலையணை அமைத்தனர். ஒன்றின் அருகே, எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடிக்காகச் சிறுபாவில் இளையர் செய்த அதிட்டானம் என்னும் பொருளுடைய பிராமி எழுத்துகள் உள்ளன. பிற்காலத்து, எட்டு ஒன்பதாம் நூற்றாண்டளவில், திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சாணன் முதலிய பெயர்கள் படுக்கைகளில் வெட்டப்பட்டன.

கடுந்தரையில் குறைந்த நேரம் துயின்று, இடையிடையே விழித்து, விழித்தபோதெல்லாம் உள்ளத்தை உற்றுநோக்கிய இவர்களுக்குக் கனவு நினைவில் நின்றிருக்கவேண்டும். அடிக்கடி விழிப்போரே மிகுதியாகக் கனவை நினைவுகூர்வர் என்பது இன்றைய ஆய்வாளர் கூற்றும் ஆகும். அரண்மனை மெத்தையிற் கண்ட கனவுகளைச் சமணப் புலவர் பதினான்கும் பதினாறுமாக எண்ணி எழுதினர். ஏழடிப்பட்டத்துக் கல்லில் ஊர்ப்பெயர் உண்டு, ஆள்பெயர் உண்டு, செய்துகொடுத்தவர் பெயர் உண்டு. கனவு ஒன்றேனும் இல்லை.